வீட்டில் குஞ்சு பொரிப்பதும் பிறந்த குஞ்சின் கால் கோளாறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திண்டுக்கல் பக்கம் தோட்டத்தில் சிறுவிடைக் கோழி (சின்ன உடம்புள்ள நாட்டுக்கோழி) வளர்க்கிறேன். அடைக்கோழியிலும் பொரிக்கிறேன், தெர்மோகோல் பெட்டி இன்குபேட்டரிலும் பொரிக்கிறேன். முட்டையும் குஞ்சும் வாங்கிப் போனவர்கள் போனில் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அதிலும் "குஞ்சு நடக்க மாட்டேங்குது, ஊனம் போல, விட்டுடலாமா?" என்று கேட்கும்போது மனசு கேட்பதில்லை. அப்படிக் கைவிடப்படும் குஞ்சுகளில் பல, முதல் இரண்டு மூன்று நாளில் சரிசெய்யக்கூடியவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

அக்கா, கடையில வாங்கின முட்டையை வச்சா குஞ்சு வருமா?

கடையில் விற்கும் வெள்ளை முட்டையில் வராது. நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் கூண்டில் முட்டையிடும் கோழிகளோடு சேவல் கிடையாது. சேவல் மிதிக்காத முட்டையை எத்தனை நாள் அடை வைத்தாலும் அது கூமுட்டைதான். நாட்டுக்கோழி முட்டை என்று வாங்கினாலும், அந்த வீட்டில் சேவல் கோழிகளோடு கூடவே திரிகிறதா என்று கேளுங்கள். எட்டு, பத்துக் கோழிக்கு ஒரு நல்ல சேவல் போதும்.

எத்தனை நாள் முட்டை வரைக்கும் அடை வைக்கலாம்? ஃப்ரிட்ஜ்ல வச்சது பரவாயில்லையா?

இட்டு ஒரு வாரத்துக்குள் வைத்துவிடுங்கள். பத்து நாளுக்கு மேல் போகப் போக பொரிப்பு குறையும். நம் ஊர் சித்திரை, வைகாசி வெயிலில் ஐந்து நாளே அதிகம். சேர்த்து வைக்கும்போது கூர்முனை கீழே இருக்கட்டும். வெயில் படாத, குளிர்ச்சியான இடம் வேண்டும். மண்பானையை ஈரமணல்மேல் வைத்து அதற்குள் அடுக்குவது பழைய வழி, இன்றைக்கும் நல்ல வழி.

சேர்த்து வைக்க 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் உகந்தது. வீட்டு ஃப்ரிட்ஜ் அதைவிட வெகுவாகக் குளிர்ந்தது, அதில் இருந்த முட்டையை நம்பி 21 நாள் காத்திருக்காதீர்கள். முட்டையைக் கழுவவும் வேண்டாம். ஓட்டின்மேல் இருக்கும் மெல்லிய பூச்சு கிருமியை உள்ளே விடாமல் காக்கிறது. எச்சம் அதிகம் ஒட்டிய முட்டையை ஒதுக்கிவிடுங்கள்.

கோழி கேருது, அடைக்கு வந்திருச்சு. எத்தனை முட்டை வைக்கணும்? ஒத்தைப்படையிலதான் வைக்கணுமா?

இறக்கைக்குள் எத்தனை அடங்குமோ அத்தனைதான். சிறுவிடைக்கு அதன் முட்டையிலேயே ஒன்பது, பத்து. கொஞ்சம் பெரிய உடம்பாக இருந்தால் பன்னிரண்டு. பேராசைப்பட்டுப் பதினைந்து வைத்தால் ஓரத்து முட்டை குளிரும். கோழி அதை உள்ளே தள்ளும்போது வேறொன்று ஓரத்துக்கு வரும். கடைசியில் எல்லாமே கெடும். ஒத்தைப்படை, இரட்டைப்படையில் ஒன்றுமில்லை.

கூடையில் மணலும் வைக்கோலும் போட்டு, அடியில் ஒரு பிடி அடுப்புச் சாம்பல் தூவுங்கள், கோழிப்பேன் மட்டுப்படும். கோழி தினமும் ஒருமுறை இறங்கித் தின்று, எச்சமிட்டு, மண்ணில் புரண்டுவிட்டு வரும். அந்தக் கால் மணி நேரத்தில் முட்டைக்கு ஒன்றும் ஆகாது. விரட்டி உட்காரவைக்காதீர்கள்.

இடி இடிச்சா முட்டை கூமுட்டை ஆயிடும்னு பாட்டி இரும்பும் கரித்துண்டும் போடச் சொல்றாங்க.

எங்கள் வீட்டிலும் கூடையில் இரும்புத் துண்டு, கரி, காய்ந்த மிளகாய் மூன்றும் போடுவார்கள். போட்டால் கெடுதல் இல்லை, பாட்டி மனசையும் நோகடிக்க வேண்டாம். இடி மழையன்று முட்டை கெடுவதற்குச் சத்தம் காரணமில்லை. கூடை நனைவது, கோழி மிரண்டு இறங்கி இரவெல்லாம் வெளியே நிற்பது, இவைதான் காரணம். கூடையை மழைச்சாரல் படாத இடத்துக்கு மாற்றுங்கள்.

நீள முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்பதும் இப்படித்தான். ஆணா பெண்ணா என்பது தாய்க்கோழி தரும் குரோமோசோமைப் பொறுத்தது. முட்டையின் வடிவத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இன்குபேட்டர்ல எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம்? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம் பெட்டி இரண்டு வகை என்பது. உள்ளே ஃபேன் ஓடினால் 37.5 முதல் 37.8 டிகிரி. ஃபேன் இல்லாத பெட்டியில் மேலே சூடும் கீழே குளிர்ச்சியுமாக இருக்கும் என்பதால், முட்டையின் மேல்மட்டத்தில் தெர்மாமீட்டர் வைத்து 38.5 டிகிரியை ஒட்டி வைக்க வேண்டும். ஈரப்பதம் முதல் 18 நாள் 50, 55 சதவீதம். கடைசி மூன்று நாள் 65 முதல் 70. தண்ணீர்க் கிண்ணத்தின் ஆழத்தால் ஈரம் கூடாது, அகலத்தால்தான் கூடும்.

முட்டையை ஒரு நாளைக்கு ஐந்து தடவையாவது திருப்புங்கள். ஒருபக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் என்று பென்சிலில் போட்டால் குழம்பாது. திருப்பாமல் விட்டால் கரு ஓட்டின் உள்பக்கச் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். 18 ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்திவிட்டு மூடியைத் திறக்காமல் இருங்கள். அன்றைக்கே தட்டின்மேல் பழைய பருத்தித் துணியோ சொரசொரப்பான வலையோ விரித்துவிடுங்கள். ஏன் என்பது கால் விரிந்த குஞ்சு பற்றிய கேள்வியில் வருகிறது.

வாங்கிய தெர்மாமீட்டரை அப்படியே நம்பாதீர்கள். மனிதர்களுக்குக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டு முட்டையை அடுக்குங்கள். ஒரு டிகிரி வித்தியாசம் நமக்குச் சின்னது, கருவுக்குப் பெரியது.

மூணு மணி நேரம் கரண்ட் போச்சு. எல்லாம் செத்திருக்குமா?

பெரும்பாலும் இல்லை. குளிரை கரு ஓரளவு தாங்கும், அதிகச் சூட்டைத்தான் தாங்காது. மூடியைத் திறக்காமல் பெட்டியைக் கம்பளியால் போர்த்துங்கள். ஃபேன் வைத்த பெட்டியில் காற்றோட்ட ஓட்டையை மட்டும் மூடிவிடாதீர்கள். நேரம் நீண்டால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே ஓரமாக வைக்கலாம். பொரிப்பு அரைநாள், ஒருநாள் தள்ளிப்போகும். அதனால் 21 ஆம் நாள் முடிந்ததும் மிச்ச முட்டையைத் தூக்கிப் போடாமல் இன்னும் இரண்டு நாள் விடுங்கள்.

டார்ச் அடிச்சுப் பாக்குறப்ப என்ன தெரியணும்?

ஏழாம் நாள் இருட்டறையில் பாருங்கள். நடுவில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து சிலந்தி வலைபோல் சிவப்பு நரம்புகள் ஓடினால் உயிர் இருக்கிறது. தெளிவாக மஞ்சள் வெளிச்சம் மட்டும் தெரிந்தால் கருக்கூடாத முட்டை. நரம்பு கலைந்து சிவப்பு வளையம் மட்டும் நின்றால் கரு இறந்துவிட்டது. 18 ஆம் நாள் மறுபடி பார்த்தால், அகன்ற முனையில் இருக்கும் காற்றறை தவிர மற்றதெல்லாம் இருட்டாக இருக்க வேண்டும்.

21 நாள் ஆச்சு. மூக்கால ஓட்டை போட்டு பத்து மணி நேரமா அப்படியே இருக்கு. நான் உடைச்சு விடவா?

உடைக்காதீர்கள். முதல் ஓட்டை போட்ட பிறகு குஞ்சு 12 முதல் 24 மணி நேரம் எடுத்துக்கொள்வது சாதாரணம். சும்மா இருப்பதுபோல் தெரிந்தாலும் உள்ளே வேலை நடக்கிறது. நுரையீரல் மூச்சுக்குப் பழகுகிறது, சவ்வில் ஓடும் ரத்தம் உடம்புக்குள் திரும்புகிறது, மிச்ச மஞ்சள் கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் போகிறது. இது முடியுமுன் நாம் ஓட்டை உரித்தால் ரத்தம் கொட்டும், தொப்புள் மூடாது.

24 மணி நேரம் தாண்டியும் ஓட்டை பெரிதாகவில்லை, சவ்வு காய்ந்து பழுப்பாகிவிட்டது, குஞ்சு கத்துகிறது என்றால் மட்டும் வெதுவெதுப்பான நீரில் தொட்ட பஞ்சால் சவ்வை நனைத்து, ஓட்டின் மேல்பகுதியைத் துளித்துளியாக எடுங்கள். ரத்தப் பொட்டு தெரிந்த நொடியில் நிறுத்திவிட்டு, முட்டையைத் திரும்ப உள்ளே வையுங்கள். கடைசித் தள்ளலைக் குஞ்சே செய்யட்டும், காலுக்கு அதுதான் முதல் பயிற்சி.

பொரிச்ச குஞ்சுக்கு எப்ப தீனி குடுக்கணும்? பல்பு எத்தனை வாட்ஸ்?

உள்ளே இழுத்த மஞ்சள் கரு இரண்டு நாள் தாங்கும், அதனால் பதற்றம் வேண்டாம். உலர்ந்து பஞ்சானதும் வெளியே எடுத்து முதலில் தண்ணீர் காட்டுங்கள். பிறகு குஞ்சுத் தீவனம். வெறும் நொய்யும் கம்பும் மட்டும் போட்டு வளர்ப்பது தாயோடு மேயும் குஞ்சுக்குச் சரி. அது கரையான், புழு, கீரை என்று மிச்சத்தைத் தேடிக்கொள்ளும். பெட்டிக் குஞ்சு எங்கே தேடும்? அதற்குக் குஞ்சுத் தீவனம்தான் வேண்டும்.

முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். பத்துப் பதினைந்து குஞ்சுக்கு ஒரு 60 வாட்ஸ் குண்டு பல்பு பெரும்பாலும் போதும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. குஞ்சுகள் பல்புக்கடியில் குவிந்து கத்தினால் குளிர்கிறது, தள்ளிப்போய் வாய் பிளந்தால் சூடு அதிகம்.

பிறந்து நாலு மணி நேரமாச்சு, எந்திரிக்கவே மாட்டேங்குது. கால் ஊனமா?

இப்போதே சொல்ல முடியாது. 21 நாள் மடங்கிக் கிடந்த கால் அது. முதல் 12 மணி நேரம் எல்லாக் குஞ்சும் குடிகாரனைப்போல் தள்ளாடும், மூட்டிலேயே உட்காரும், விழும். சூட்டில் விடுங்கள். ஒரு நாள் முழுதாக முடிந்தும் மற்றவை ஓடும்போது இது மட்டும் கிடந்தால் கையில் எடுத்துப் பாருங்கள்.

பார்க்க வேண்டியவை மூன்று. கால்கள் பக்கவாட்டில் விரிகின்றனவா? விரல்கள் சுருண்டிருக்கின்றனவா? காலின் நடுவில் பின்பக்கம் மடங்கும் மூட்டு வீங்கியிருக்கிறதா? அதை நாம் முட்டி என்கிறோம், உண்மையில் அது கோழியின் கணுக்கால். மூன்றும் மூன்று கோளாறு, மூன்றுக்கும் வைத்தியம் வேறு. மூட்டு செக்கச் சிவந்து மட்டும் இருந்தால் முட்டைக்குள் உதைத்துப் பாடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். மெத்தென்ற துணியில் விட்டால் தேறும்.

ரெண்டு காலும் ரெண்டு பக்கமா விரிஞ்சு தவளை மாதிரி கிடக்கு. என்ன செய்யறது?

அதிகம் வரும் கேள்வி இதுதான், நல்லபடியாக முடிவதும் இதுதான். பெரும்பாலும் தரைதான் காரணம். நான் முதன்முதலில் பொரித்தபோது பிளாஸ்டிக் தட்டில் செய்தித்தாள் விரித்து வைத்திருந்தேன். ஒரே ஈட்டில், அதாவது ஒருமுறை பொரித்ததில், மூன்று குஞ்சுக்குக் கால் விரிந்தது. இரண்டைக் காப்பாற்றினேன், ஒன்று போய்விட்டது. செய்தித்தாள், ஃபிளெக்ஸ், டைல்ஸ், வழவழப்பான அட்டை எதிலும் குஞ்சுக்குப் பிடிமானம் இல்லை. வழுக்கும் ஒவ்வொரு தடவையும் தொடைத் தசை இழுபடுகிறது. எலும்பு இன்னும் குருத்தாக இருப்பதால் கால் அப்படியே விரிந்த நிலையில் வளரத் தொடங்குகிறது. அதே காரணத்தால்தான் உடனே கட்டினால் சீக்கிரம் நேராகிறது.

ஒரு பேண்ட் எய்டை நீளவாக்கில் இரண்டாகக் கத்தரியுங்கள். நடுவில் இருக்கும் பஞ்சுப் பகுதி இரண்டு காலுக்கும் இடையில் வர வேண்டும். ஒட்டும் முனை இரண்டையும் ஒவ்வொரு காலிலும், விரலுக்கு மேலே மூட்டுக்குக் கீழே, தளர்வாகச் சுற்றி முனையைப் பஞ்சின்மேல் ஒட்டுங்கள். இரண்டு காலுக்கும் நடுவில் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி. நல்ல குஞ்சு நிற்கும்போது எவ்வளவு அகலத்தில் நிற்கிறதோ அந்த அளவு. நெருக்கிக் கட்டினால் நிற்க முடியாது, அகட்டிக் கட்டினால் பயனில்லை. ஒருவர் குஞ்சைத் துணியில் சுற்றிப் பிடிக்க, இன்னொருவர் ஒட்டுவது சுலபம்.

கட்டியதும் குஞ்சு மூக்குக் குப்புற விழும், கத்தும். பார்க்கப் பாவமாக இருக்கும், ஆனால் அவிழ்த்துவிடாதீர்கள். சாக்கு, ரப்பர் மேட், பழைய துண்டு இப்படிப் பிடிமானமுள்ள தரையில் விட்டு, மார்பைத் தாங்கி ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை இரண்டிரண்டு நிமிடம் நிற்க வையுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் விழுந்து மூழ்கும். தினமும் ஒருமுறை கட்டைப் பிரித்துப் பார்த்துப் புதிதாகப் போடுங்கள். முதல் இரண்டு நாளில் கட்டிய குஞ்சு மூன்று முதல் ஐந்து நாளில் நடக்கும். ஒரு வாரம் கழித்துக் கட்டினால் பலன் வெகுவாகக் குறைவு.

பேண்ட் எய்டு இல்ல, ரப்பர் பேண்டோ நூலோ கட்டலாமா?

ரப்பர் பேண்டு வேண்டவே வேண்டாம். ரத்த ஓட்டத்தை நிறுத்தி, ஒரே இரவில் பாதம் கறுத்துவிடும். மெல்லிய நூலும் அறுக்கும். கம்பளி நூலோ, மருந்துக்கடையில் கிடைக்கும் காகித டேப்போ பரவாயில்லை. எதைக் கட்டினாலும் ஒரு மணி நேரம் கழித்துப் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்றோ வீங்கியோ இருந்தால் தளர்த்துங்கள்.

விரல் உள்பக்கமா சுருண்டு, முஷ்டி மடக்கின மாதிரி இருக்கு.

பிறக்கும்போதே ஒன்றிரண்டு விரல் வளைந்திருந்தால் செருப்பு போட வேண்டும். பாதத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக மெல்லிய அட்டையை வெட்டி, விரல்களை அதன்மேல் இயல்பாக விரித்து, மேலே காகித டேப்பை ஒட்டுங்கள். வாத்துப்பாதம்போல் தெரியும். ஒன்றிரண்டு நாளில் நிமிர்ந்துவிடும். நனைந்தால் மாற்றுங்கள்.

நன்றாக நடந்த குஞ்சுக்கு ஒரு வாரம், பத்து நாளில் இரண்டு பாதமும் சுருண்டு மூட்டாலேயே நடந்தால் அது ரைபோஃப்ளேவின் என்கிற பி2 வைட்டமின் குறைவு. காலுக்குப் போகும் நரம்பே இதில் பாதிக்கப்படுகிறது. செருப்பு மட்டும் போதாது. கால்நடை மருந்துக்கடையில் கோழிக்கான பி-காம்ப்ளெக்ஸ் சொட்டு வாங்கி, பாட்டிலில் போட்ட அளவில் தண்ணீரில் கொடுங்கள். தானியத்தை மட்டும் தின்னும் குஞ்சுக்குத்தான் இது அதிகம் வரும். தீவனத்தை மாற்றுங்கள், முருங்கைக்கீரையைப் பொடியாக அரிந்து போடுங்கள். சீக்கிரம் கவனித்தால் திரும்பும், நாள்பட்டுவிட்டால் நரம்பு திரும்பாது.

ஒரு கால் மூட்டு மட்டும் வீங்கி, பாதம் வெளிப்பக்கமா திரும்பிடுச்சு. இதுக்கும் பேண்ட் எய்டா?

இல்லை. மூட்டின் பின்பக்கப் பள்ளத்தில் ஓட வேண்டிய தசைநார் பக்கவாட்டில் நழுவியிருக்கலாம். நல்ல காலைத் தடவினால் பின்னால் ஒரு கயிறு தட்டுப்படும். கெட்ட காலில் அந்த இடம் தட்டையாக, கயிறு ஓரத்தில் இருக்கும். மாங்கனீசு, கோலின் என்னும் சத்துகள் குறைந்த தீனியும் இதற்கு ஒரு காரணம்.

அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். காலை மெதுவாகப் பின்னோக்கி நீட்டி, தசைநாரை விரலால் பள்ளத்துக்குள் தள்ளிக் கட்டுப்போடுவார்கள். குஞ்சுக்கு இது வலிக்கும், அதனால் வீடியோ பார்த்து நீங்களே இழுத்துப் பார்க்காதீர்கள். முதல் நாளிலேயே கொண்டுபோனால் கொஞ்சம் நம்பிக்கை உண்டு, வீக்கம் பெரிதான பின் மிகக் குறைவு.

கட்டுப் போட்ட குஞ்சைத் தாய்க்கோழிகிட்ட விடலாமா?

பகலில் வேண்டாம். கோழி மற்ற குஞ்சுகளோடு மேய நடந்துவிடும், இது பின்தங்கிக் காக்கைக்கோ கீரிக்கோ போகும். சில கோழிகள் நொண்டும் குஞ்சைக் கொத்தும். பல்பு வெளிச்சத்தில் தனியாக, ஆனால் அமைதியான ஒரு குஞ்சைத் துணைக்கு வைத்து வளருங்கள். ஒற்றைக் குஞ்சு ஏக்கத்தில் தீனி தின்னாது. நடந்ததும் இருட்டிய பிறகு தாயின் இறக்கைக்கடியில் நுழைத்துவிடுங்கள், பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

தெருவுல வந்தவர்கிட்ட கலர் குஞ்சு வாங்கினோம். மறுநாளே கால் விழுந்திடுச்சு.

அவை முட்டைக்கோழி இனத்துச் சேவல் குஞ்சுகள். பண்ணைக்குப் பயனில்லை என்று கழித்ததைச் சாயம் தோய்த்து விற்கிறார்கள். சூடும் தண்ணீரும் இல்லாமல் நாள் முழுக்கக் கூடையில் வந்தவை. பெரும்பாலும் அது கால் கோளாறே இல்லை, உடம்பு குளிர்ந்து சோர்ந்த நிலை. மேலே சொன்ன 35 டிகிரி சூட்டில் வைத்து, வெல்லம் கரைத்த வெதுவெதுப்பான நீரை அலகின் ஓரத்தில் சொட்டாக வையுங்கள். நாலைந்து மணி நேரத்தில் எழுந்தால் பிழைக்கும். குழந்தைகள் தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள், குஞ்சு எச்சத்தில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம்.

ஒவ்வொரு ஈட்டிலும் ரெண்டு மூணுக்குக் கால் கோளாறு. இன்குபேட்டர் தப்பா, சேவல் தப்பா?

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். அதே கோழிகளின் முட்டையில் பாதியை அடைக்கோழியில் வையுங்கள், பாதியைப் பெட்டியில் வையுங்கள். கோழியில் பொரித்தவை நன்றாக இருந்து பெட்டிக் குஞ்சு மட்டும் தடுமாறினால் பெட்டியில்தான் கோளாறு. 20 ஆம் நாளுக்கு முன்பே பொரித்தால் சூடு அதிகம், 22 தாண்டினால் குறைவு. தெர்மாமீட்டரை மறுபடி ஒப்பிடுங்கள், தட்டில் துணி விரித்தீர்களா என்று பாருங்கள்.

இரண்டிலும் கோளாறு வந்தால் தாய்க்கோழியின் தீனியையும் உறவையும் பாருங்கள். முட்டைக்குள் போகும் சத்து தாய் தின்றதுதான். ஒரே சேவலை அதன் மகள், பேத்தியோடு வருஷக்கணக்கில் விட்டிருந்தால் வேற்றூர்ச் சேவல் ஒன்றைக் கொண்டுவாருங்கள். விரல் வளைந்து பிறந்து தேறிய குஞ்சைக் கறிக்கோ முட்டைக்கோ வளர்க்கலாம், இனத்துக்கு வைக்காதீர்கள்.

ரெண்டு மாசக் குஞ்சு, ஒரு கால் முன்னால ஒரு கால் பின்னால நீட்டிக் கிடக்கு. கட்டுப் போடவா?

கட்டு உதவாது. அந்த வயதில் இப்படிக் கிடந்தால் மாரெக்ஸ் என்னும் வைரஸ் நோய் என்று சந்தேகிக்க வேண்டும். 1907 இல் ஹங்கேரியின் கால்நடை மருத்துவர் யோசெஃப் மாரெக் இதை முதலில் விவரித்தார். நரம்பைத் தாக்கும் நோய், மருந்து இல்லை. பிறந்த அன்றே போடும் தடுப்பூசி மட்டுமே காப்பு. உடனே தனியே பிரித்து மருத்துவரிடம் காட்டுங்கள். கழுத்து திருகி, பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்தால் வெள்ளைக்கழிச்சல் என்னும் வைரஸ் நோயாக இருக்கலாம். அதற்கு முதல் வாரத்திலேயே கண்ணில் சொட்டு மருந்து விடுவது கட்டாயம்.

பத்து நாளா கட்டுப் போட்டும் நிக்கல. என்ன செய்யட்டும் அக்கா?

தின்கிறதா, குடிக்கிறதா, எடை கூடுகிறதா என்று பாருங்கள். நொண்டியாக இருந்தாலும் தானே தீனிக்கு நகர்ந்து போனால் வளரவிடலாம். என்னிடம் ஒரு பெட்டை வலது பாதம் வளைந்தபடியே மூன்று வருஷமாக முட்டையிடுகிறது. தனித்தட்டில் தீனியும் தாழ்வான தண்ணீர்க் கிண்ணமும்தான் அதற்கு வேண்டியவை.

தன்னால் தின்ன முடியாமல், எச்சத்திலேயே கிடந்து மார்பு புண்ணாகி, நாள் முழுக்கக் கத்துகிற குஞ்சை அன்பு என்ற பெயரில் இழுத்துக்கொண்டே போகாதீர்கள். மருந்தகத்துக்குக் கொண்டுபோய் வலியில்லாமல் முடித்துவைக்கச் சொல்லுங்கள். பெட்டியில் மூடி வெயிலில் வைப்பது, காக்கைக்கு எறிவது, தண்ணீரில் அமுக்குவது எதையும் செய்யாதீர்கள். முடிவெடுக்கத் தயங்கினால் ஒரு போட்டோவும் அது நகர்வதற்கு முயலும் வீடியோவும் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள், பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள்.